குடும்பக் கார்: புதியதா, பழையதா?
நாஞ்சில் நாட்டுச் சூழலை முன்வைத்து ஓர் ஆய்வு

கார் என்பது செல்வந்தரின் ஆடம்பரம் என்ற கருத்து மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆசிரியர், அரசு அலுவலர், வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர், ரப்பர்த் தோட்டம் சிறிதளவு உடையவர் எனப் பலரது வீட்டு முற்றத்திலும் நம் மாவட்டத்தில் இன்று ஒரு கார் நிற்கக் காண்கிறோம். நிலத்துக்கும் வீட்டுக்கும் அடுத்தபடியாக ஒரு குடும்பம் ஒரே தடவையில் போடும் பெரும்பணம் இதுவே. பலருக்கு அது ஓய்வு பெறுகையில் கைக்கு வந்த சேமநிதிப் பணம். எனினும், பத்து சென்ட் நிலம் வாங்க ஆறு மாதம் முன்பத்திரம் புரட்டுகிறவரே, கார் வாங்க ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் போதும் என்று எண்ணுவது வியப்பாக இருக்கிறது.

நிலத்துக்கு வில்லங்கம் பார்ப்பது போலக் காருக்கும் வில்லங்கம் பார்த்தல் வேண்டும். நம் மாவட்டத்தில் பழைய காரை மதிப்பிடுவோர் முதலில் தகரத்தையும், இரண்டாவதாகத் தாள்களையும், மூன்றாவதாக எஞ்சினையும், எல்லாவற்றுக்கும் கடைசியில் ஓடிய கிலோமீட்டரையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. வாங்குவோர் பெரும்பாலும் இதற்கு நேர் எதிரான வரிசையில்தான் பார்க்கின்றனர்.

எஞ்சினுக்கு ஓர் அறை, மனிதருக்கு ஓர் அறை, சாமான்களுக்கு ஓர் அறை என மூன்று அறைகளாக அமைந்த காரையே செடான் என்கிறோம். 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 மே மாதம் வரை வங்கத்தின் உத்தர்பாராவில் உருவான அம்பாஸிடரே இந்தியருக்கு முதலில் பழக்கமான செடான் எனலாம். அதன் பின்னே பம்பாயின் பத்மினி நின்றது. 1985-இல் சென்னையின் ஸ்டாண்டர்டு நிறுவனம் ஸ்டாண்டர்டு 2000 என்னும் காரைக் கொண்டுவந்தது. அழகிய உடலில் பழங்கால எஞ்சினைப் பொருத்திய அம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1998-இல் ஹோண்டா ஸிட்டி வந்தது. அடுத்த ஆண்டே மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகானும், இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் ஆக்ஸெண்டும் வந்தன. ஆக்ஸெண்டின் வழித்தோன்றலாகிய வெர்னா 2006-இல் வந்து இன்றும் விற்பனையில் உள்ளது. மாருதி ஸியாஸ் 2014-இல் வந்து 2025-இல் விடைபெற்றது. இக்கட்டுரையில் எடுத்துக்காட்டு தேவைப்படும் இடங்களில் ஸிட்டியையே கொள்கிறேன். கால் நூற்றாண்டுக்கு மேலாக ஒரே பெயரில் ஐந்து தலைமுறைகளாக விற்கப்பட்டதால், பழைய கார்ச் சந்தையில் எல்லா வயதிலும் அது கிடைக்கிறது.

நடுத்தர செடானுக்கும் சிறிய செடானுக்கும் இடையேயுள்ள கோட்டை வரைந்தவர் பொறியாளர் அல்லர், வரி வகுத்தவர். நீளம் 4 மீட்டருக்குள் அடங்கினால் குறைந்த வரி என 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் ஏற்பட்ட விதி, காரின் வாலையே வெட்டிவிட்டது. 2012-இல் வந்த ஸ்விஃப்ட் டிசையர் 3995 மி.மீ. நீளத்தில் நின்றதன் இரகசியம் இதுதான். அந்த வெட்டு டிக்கியில் தெரியும்: ஸிட்டியின் டிக்கி 500 லிட்டருக்குச் சற்று மேல், டிசையருடையது சுமார் 380. 2025 செப்டம்பர் 22 முதல் 1200 கன செ.மீ.க்கு மேற்படாத பெட்ரோல் எஞ்சினுள்ள சிறிய காருக்கு ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு. ஸிட்டி, வெர்னா போன்றவற்றுக்கு 40 விழுக்காடு. அதற்கு முன்பு, கூடுதல் தீர்வையும் சேர்த்து 45 விழுக்காடாக இருந்தது.

தேய்மானக் கணக்கு

வணிகவியல் மாணவர் இரண்டாம் ஆண்டிலேயே கற்கும் பாடம் இங்கே பயன்படுகிறது. குறைந்துசெல் மதிப்பு முறையில் ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம் என்பது வருமான வரிச் சட்டம் கார்களுக்கு வகுத்த விகிதம். கணக்கிற்காக 12 இலட்சம் ரூபாய் விலையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டு முடிவில் அதன் மதிப்பு சுமார் 5 இலட்சத்து 32 ஆயிரம். பத்து ஆண்டு முடிவில் சுமார் 2 இலட்சத்து 36 ஆயிரம். ஆகவே முதல் ஐந்தாண்டில் வைத்திருப்பவர் தேய்மானமாக மட்டும் மாதம் 11 ஆயிரத்துக்கு மேல் இழக்கிறார். அதே காரை ஐந்தாம் ஆண்டு முடிவில் வாங்கி அடுத்த ஐந்தாண்டு வைத்திருப்பவர் இழப்பது மாதம் 5 ஆயிரத்துக்குள்தான். காப்பீட்டு நிறுவனங்கள் பின்பற்றும் அட்டவணையும் இதற்கு நெருக்கமாகவே செல்கிறது: ஆறு மாதத்துக்குள் 5 விழுக்காடு கழிவு, முதலாண்டு நிறைவதற்குள் 15, இரண்டாம் ஆண்டில் 20, பின் ஆண்டுக்குப் பத்தாகக் கூடி, ஐந்தாம் ஆண்டில் 50.

இத்துடன் ஆயுட்கால வரியையும் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, 5 முதல் 10 இலட்சம் வரை விலையுள்ள புதிய காருக்கு 13 விழுக்காடு. 10 முதல் 20 இலட்சம் வரை 18 விழுக்காடு. நாம் எடுத்துக்கொண்ட 12 இலட்சத்துக்கு 2 இலட்சத்து 16 ஆயிரம் வரியாகிறது. காரை விற்கும்போது இந்த வரியை யாரும் தனியாக எண்ணித் திருப்பித் தருவதில்லை. நம் மாநிலத்தில் பதிவான பழைய காரை வாங்குகிறவர், முன்னவர் கட்டிய வரியின் நிழலில் ஓட்டுகிறார்.

இவ்வளவில் பழைய கார் வென்றுவிட்டது போலத் தோன்றும். உண்மையில் இக்கணக்குச் சொல்வது ஒன்றுதான்: பழைய கார் வாங்குகிறவர் கையில், புதிய கார் வாங்கியவரைவிட மாதம் சுமார் 6 ஆயிரம் மிஞ்சும். அந்தப் பணம் வங்கியில் சேருமா, ஒர்க் ஷாப்பில் கரையுமா என்பதைத் தீர்மானிப்பது கணக்குப் புத்தகமன்று; காரின் அடிப்பாகம்.

தகரமும் கடற்காற்றும்

மழைக்காலத்தில் அடுக்களையில் உப்புப் பரணி கசிவதை எல்லோரும் கண்டிருப்போம். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடோ அதனினும் மிகக் குறைந்த ஈரத்திலேயே நீரை இழுக்கும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி ஆகிய கடலோர ஊர்களில் வெட்டவெளியில் நிற்கும் காரின் மீது நுண்ணிய உப்புத் துகள் படிந்துகொண்டே இருக்கிறது. மழை பெய்யாத நாளிலும் அந்த உப்புப் படலம் ஈரமாகவே இருக்கும். இரும்பு, உயிர்வளி, நீர் மூன்றும் கூடினால் துரு. அந்நீரில் உப்பும் கரைந்திருந்தால் அது மின்சாரத்தை எளிதில் கடத்துவதால் துருவேறும் மின்வேதி வினை பன்மடங்கு விரைகிறது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் வேறு நம் மாவட்டத்தை நனைக்கின்றன. மதுரையில் பத்தாண்டு ஓடிய காரும் முட்டத்தில் பத்தாண்டு நின்ற காரும் தாளில் ஒரே வயதினவாயினும் தகரத்தில் ஒரே வயதின அல்ல.

துரு வெளியே தெரியும் இடத்தில் தொடங்குவதில்லை. நடுத்தர செடான்களின் தரை இடைவெளி சிறிது. ஸிட்டிக்குச் சுமார் 165 மி.மீ. ஐந்து பேர் ஏறி, டிக்கியில் சாமானும் நிறைந்தால் அது இன்னும் குறையும். உட்சாலைகளின் வேகத்தடைகளில் அடிப்பாகம் உரசி, காப்புப் பூச்சு கிழிந்து, அக்கிழிசலில் உப்புநீர் புகுகிறது. ஆகவே வண்டியை ஒர்க் ஷாப்பில் லிஃப்டில் ஏற்றி அடியிலிருந்து பார்த்தல் இன்றியமையாதது. கதவுகளின் கீழ் விளிம்பு, சக்கர வளைவின் உட்புறம், சஸ்பென்ஷன் பிணையும் இடங்கள், பிரேக் எண்ணெய் செல்லும் குழாய்கள், சைலன்சர் இணைப்பு, ஸ்டெப்னிக்கு அடியிலுள்ள குழி ஆகியவற்றைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். கதவு துருவேறினால் செலவு. பிரேக் குழாய் துருவேறினால் உயிருக்கே ஆபத்து.

புதுப் பெயிண்டு பளபளத்தால் மகிழ வேண்டாம். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகரத்தின் மீது மெதுவாக நகர்த்துக. நல்ல தகரத்தில் அது ஒட்டும். பட்டி கனமாகப் பூசிய இடத்தில் பிடிப்பு தளர்ந்து நழுவும். பம்பர் பிளாஸ்டிக் ஆதலால் அங்கே ஒட்டாதது குற்றமன்று. பானெட்டையும் முன்பக்கத் தகரங்களையும் பிணைக்கும் போல்ட்டுகளில் பெயிண்டு உதிர்ந்து ஸ்பானர் பட்ட தடம் இருந்தால், அவை ஒருமுறை கழற்றப்பட்டுள்ளன என்று பொருள். கழற்றியது எதற்காக என்று விற்பவரிடம் கேட்கலாம். பதில் வருவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்பதும் ஒரு பதில்தான்.

வெள்ளம் கண்ட வண்டி துருவேறிய வண்டியினும் கொடியது. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2018 ஆகஸ்டில் கேரளத்திலும், 2023 டிசம்பரில் முதலில் சென்னையிலும் பின்னர் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலும் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. அவை யாவும் பழைய இரும்புக் கடைக்குச் சென்றுவிட்டன என்று நம்ப இடமில்லை. களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம், ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் திருநெல்வேலிச் சீமை. இரு பக்கத்திலிருந்தும் நமக்கு வண்டி வருகிறது. கழுவித் துடைத்து வாசனை அடித்தாலும் வெள்ளம் சில இடங்களில் கையெழுத்திட்டே செல்லும். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்தால் அதன் அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரியலாம். இருக்கைக்கு அடியிலுள்ள இருப்புத் தண்டவாளத்திலும் ஸ்குரூக்களிலும் துரு, கம்பளத்துக்கு அடியில் மண், முகப்பு விளக்கின் உள்ளே மங்கிய நீர்த்தடம் ஆகியவை சாட்சிகள். இன்றைய செடானில் பவர் விண்டோ முதல் ஏர்பேக் வரை யாவும் மின்கம்பிகளால் இயங்குவதால், நீர் புகுந்த இணைப்பு இரண்டாண்டு கழித்தும் பழுதாகும். அவ்வாறான வண்டியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம் என்பதே என் முடிவு.

மீட்டர் சொல்லும் கதை

நம் ஊர்த் தரகர் சொல்லில் ஒவ்வொரு பழைய காரும் ஒரு டாக்டர் ஓட்டியதாகவே இருக்கும். இத்தனை டாக்டர்கள் இத்தனை கார்களை விற்றால் அவர்கள் நடந்துதான் மருத்துவமனைக்குப் போகிறார்கள் போலும்! அதற்கு அடுத்த கதை, “அண்ணாச்சி, ஆளு துபாயில, வருஷத்துக்கு ஒரு மாசம் வந்தாத்தான் வண்டி எடுப்பாரு. ஓடவே இல்ல, பாத்துக்கிடுங்க” என்பது. விந்தை என்னவென்றால், இரண்டாவது கதை நம் மாவட்டத்தில் பல தடவை உண்மையாகவே இருக்கும். ஆயினும் அது வண்டிக்கு நற்சான்று ஆகாது. ஷெட்டில் பதினொரு மாதம் நின்ற காரின் டயர் ஒரே பக்கம் அழுந்தித் தட்டையாகிறது, பேட்டரி சாகிறது, ரப்பர்க் குழாய்கள் வெடிக்கின்றன, பிரேக் டிஸ்க்கில் துரு படர்கிறது, எலி வயரைக் கடிக்கிறது. எட்டு ஆண்டில் 20 ஆயிரம் கி.மீ. ஓடிய வண்டியைவிட, முறையாகச் சர்வீஸ் செய்து 80 ஆயிரம் ஓடிய வண்டியையே நான் விரும்புவேன்.

மேலும், எண்களில் காட்டும் இன்றைய மீட்டரைத் திருத்துவது முட்களால் காட்டிய பழைய மீட்டரைத் திருத்துவதைவிடக் கடினமன்று. ஆகவே மீட்டரை மீட்டரால் சோதிக்கலாகாது. வேறு சாட்சி தேட வேண்டும். பதிவெண்ணைக் கொண்டு நிறுவனச் சர்வீஸ் நிலையத்தில் பழைய பதிவுகளைக் கேட்கலாம். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று பதிந்திருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. 2017-இல் வாங்கிய கார், 25 ஆயிரம் கி.மீ.தான் ஓடியதாம், ஆனால் நான்கு டயரும் 2022-இல் செய்தவை என்றால், முதல் டயர்கள் ஏன் மாற்றப்பட்டன என்று கேட்காமல் இருக்கலாமா? கிளட்ச் மிதியின் ரப்பரும், ஸ்டீயரிங்கின் மேற்புறத் தேய்வும்கூட மீட்டரைவிட நேர்மையானவை.

எஞ்சினைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். நல்ல மெக்கானிக் எவரும் இதை அறிவார். நாம் போகும் முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருக்கிறார்களா என்று முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். குளிர்ந்த எஞ்சின் எழும் முதல் ஓசையிலேயே நோய் தெரியும். ஓட்டிப் பார்க்க நாகர்கோவில் நகரச் சாலை போதாது. நான்கு பேரை ஏற்றி, ஏ.சி. போட்டு, குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கத்து ஏற்றத்தில் ஓட்டினால் கிளட்சும் ரேடியேட்டரும் உண்மையைச் சொல்லிவிடும். டீசல் ஸிட்டி 2014 முதல் 2023 வரையே விற்கப்பட்டது. 2020 ஏப்ரலுக்குப் பிந்திய பாரத் ஸ்டேஜ் 6 டீசல் கார்களில் புகைக்கரியைத் தடுக்கும் வடிகட்டி உண்டு. நெடுந்தூரம் ஓடிச் சூடேறினால்தான் அக்கரி எரிந்து நீங்கும். தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்கு வந்து திரும்பும் குடும்பத்துக்குப் பெட்ரோலே ஏற்றது.

பெட்ரோலிலும் ஒரு கணக்கு உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகா ஜூல் ஆற்றலும், எத்தனாலில் சுமார் 21-உம் உள்ளன. 20 விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய எரிபொருளில் இது 29.8 ஆகிறது. அதாவது கலப்பற்ற பெட்ரோலைவிட ஏறத்தாழ 7 விழுக்காடும், முன்பிருந்த 10 விழுக்காட்டுக் கலப்பைவிட 3 முதல் 4 விழுக்காடும் குறைவு. 2023 ஏப்ரலுக்கு முன் செய்யப்பட்ட காராயின், அதன் ரப்பர் உறுப்புகள் இக்கலப்பைத் தாங்குமா என்று உரிமையாளர் கையேட்டிலோ நிறுவனத்திடமோ கேட்டறிதல் நலம்.

எந்த ஆண்டுக் காரை வாங்குவது என்ற கேள்விக்கு நான் விலையைக் கொண்டு விடை தேடமாட்டேன். திடீரென மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாயிற்று. முன்னிருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் 2021-ஆம் ஆண்டு முடிவுக்குள் கட்டாயமாயிற்று. அதற்கு முன்பும் சில வகைகளில் இவை இருந்தன. மலிவான வகைகளில் இல்லாமலும் இருந்தன. நான்காம் தலைமுறை ஸிட்டி 2022-இல் குளோபல் என்காப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரமும், இன்றைய வெர்னா 2023-இல் ஐந்து நட்சத்திரமும் பெற்றன. முன்பு 47 என்றும் இப்போது 66 என்றும் எண்ணிடப்பட்ட நம் நெடுஞ்சாலையில், பேருந்தும் டாரஸ் லாரியும் ஒரே தடத்தில் நெருக்க, குழந்தைகளோடு செல்வோர் இதைக் கருதாமல் இருக்கக் கூடாது.

ஏர்பேக்கில் நம் தட்பவெப்பத்தோடு தொடர்புடைய செய்தி ஒன்று உண்டு. டகாட்டா என்னும் ஜப்பானிய நிறுவனம் செய்த ஊதிகளில் அம்மோனியம் நைட்ரேட் இருந்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் ஆண்டுகள் செல்லச்செல்ல அது கெட்டு, விபத்தின்போது அளவுக்கு மீறிய வேகத்தில் வெடித்து, உலோகச் சில்லுகளை முகத்தில் எறிந்து உயிர்களைப் பறித்தது. உலகின் பல நிறுவனங்கள் கோடிக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தன. ஹோண்டாவும் இந்தியாவில் ஸிட்டி உள்ளிட்ட கார்களைப் பல தடவை அழைத்து அவ்வுறுப்பை விலையின்றி மாற்றித் தந்தது. 2018 ஜனவரியில் வந்த அழைப்பு 2013-இல் தயாரான கார்களைப் பற்றியது. கைமாறிக் கைமாறி வந்த காரின் உரிமையாளருக்கு அந்த அழைப்புக் கடிதம் சேராமலே போயிருக்கலாம். சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் மாற்றப்பட்டதா இல்லையா என்பதை நிறுவனம் சொல்லிவிடும்.

தாள்கள்

டி.என். 74 நாகர்கோவில், டி.என். 75 மார்த்தாண்டம் என்பது நமக்குத் தெரியும். கே.எல். 19 பாறசாலை, கே.எல். 20 நெய்யாற்றின்கரை எனக் கேரள எண் தாங்கிய வண்டிகளும் நம் சந்தைக்கு வருகின்றன; விலை சற்றே குறைவாக இருக்கும். அக்குறைவில் மயங்கலாகாது. பிற மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கு வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. அதற்கு அங்கிருந்து தடையில்லாச் சான்று வேண்டும். இங்கு வண்டியின் வயதுக்கேற்ப ஆயுட்கால வரியும் கட்ட வேண்டும். இவற்றைக் கூட்டியபின் அதே வயதுள்ள டி.என். வண்டியின் விலையோடு ஒப்பிடுவதே சரியான கணக்கு.

ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான வங்கிச் சான்றும் 35-ஆம் படிவமும் கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்கக் கூடாது. உரிமையாளர் வரிசை எண், செலுத்தாத அபராதங்கள், பதிவு முடியும் நாள் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். பதினைந்து ஆண்டு முடிந்த காருக்குத் தகுதிச் சோதனையும் கூடிய கட்டணமும் உண்டு. காப்பீட்டைப் பதினான்கு நாளுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். முன்னவர் விபத்தின்றி ஓட்டிப் பெற்ற சலுகை முன்னவருக்கே உரியது, வண்டியோடு வராது.

விற்பவரும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பணத்தை எண்ணி வாங்கி, 29, 30-ஆம் படிவங்களில் கையெழுத்திட்டுத் தரகரிடம் கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். தரகர் அப்படிவங்களைத் தேதியிடாமல் வைத்திருந்து, வண்டி இரண்டு மூன்று கை மாறிய பிறகே அலுவலகத்தில் கொடுப்பதுண்டு. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், விபத்து நடந்த நாளில் பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், வண்டியை முன்பே விற்றிருந்தாலும் இழப்பீட்டுப் பொறுப்பு அவரையே சாரும் என்று தீர்ப்பளித்தது. மாநிலத்துக்குள் விற்றால் பதினான்கு நாளுக்குள் விற்றவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு முப்பது நாள் தவணை. ஆகவே வாங்குபவரும் விற்பவரும் ஒன்றாகவே அலுவலகம் சென்று, விண்ணப்பம் பெற்றதற்கான இரசீதில் ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொண்டு, பின்னர்ச் சாவியைக் கொடுப்பது இருவருக்கும் நல்லது.